குரும்பை வளையம்

ஐப்பசி மழை இரவெல்லாம் அடித்து ஓய்ந்திருந்தது. பத்தமடையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் நின்ற இரண்டு தென்னைகளும் காற்றில் ஆடி, முற்றமெங்கும் குரும்பையை உதிர்த்திருந்தன. நெல்லிக்காய் அளவில், தலையில் தொப்பி வைத்த பச்சைக் குரும்பைகள். பாவாடையை ஏந்தி ஒன்று விடாமல் பொறுக்கினேன். குரும்பையும் ஈர்க்கும் கிடைத்துவிட்டால் தேர் செய்யாமல் இருக்க முடியாது. சக்கரத்துக்கு நாலு, மேல்தட்டுக்கு நாலு, உச்சியில் ஒரு பூவரசம்பூ. திண்ணையில் ஆச்சி காலை நீட்டி உட்கார்ந்து, வாரியல் கட்டுவதற்குப் பச்சை ஓலையைச் சீவிக்கொண்டிருந்தாள். ஈர்க்குக்குப் பஞ்சமே இல்லை.

அது 1969. எனக்குப் பதினொரு வயது. சித்தப்பா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். காலையில் பாசஞ்சர் ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷன் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஆற்றுப் பாலம் தாண்டிப் போவார். சனிக்கிழமைகளில் மட்டும் சாய்வு நாற்காலியும் இங்கிலீஷ் பேப்பருமாக வீட்டில் கிடைப்பார். அன்றைக்கு அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, சத்தமாகக் கூப்பிட்டார்.

“ஏட்டி, இங்க வா. நாற்காலிக்கு நோபல் பரிசு குடுத்திருக்காங்க.”

நான் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தேன். மடியில் இருந்த குரும்பை இரண்டு உருண்டு ஓடியது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து திண்ணையில் என் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு குரும்பையை எடுத்து ஆச்சியின் குவியலிலிருந்து நாலு ஈர்க்கை முறித்தார். என் தேர் அன்று நடக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“கார்பன்னா இந்தக் குரும்பைன்னு வச்சிக்கோ. இதுக்கு நாலு கை. நாலும் ஒண்ண விட்டு ஒண்ணு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிக்கணும். எப்படிக் குத்துவ?”

நான் திசைக்கு ஒன்றாகக் கிடையாகக் குத்தினேன். புதிதாக வாங்கிய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து அளந்து, தொண்ணூறு என்றேன். சித்தப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “தரையில கெடந்தா தொண்ணூறுதான். இதுக்குத் தரையில கெடக்கணும்னு யாரு சொன்னா?” என்று சொல்லி ஒரு ஈர்க்கைப் பிடுங்கி நேர் மேலே குத்தினார். மற்ற மூன்றையும் கீழே மூன்று பக்கமாகச் சாய்த்தார். ஒரு ஈர்க்கு வானத்தைப் பார்க்க, மூன்று ஈர்க்கில் ஊன்றி, முக்காலி போலக் குரும்பை நின்றது. எந்த இரண்டு கைக்கு நடுவிலும் நூற்றொன்பதரைப் பாகை. பழைய காலண்டர் அட்டையில் அந்தக் கோணத்தை வெட்டிக் கொடுத்து, “இதை வச்சுப் பாத்துப் பாத்து எல்லாக் குரும்பையிலயும் துளை போடு” என்றார். கோணி ஊசியால் துளை போட்டுப் போட்டுக் கட்டைவிரல் சிவந்துவிட்டது.

பிறகு மூன்று குரும்பையை எடுத்து வளையமாகச் சேர்க்கச் சொன்னார். மூன்று பக்க வளையம் என்றால் முக்கோணம்; உள்கோணம் அறுபதுதான். துளையோ நூற்றொன்பதரைக்குச் சாய்ந்திருக்கிறது. ஈர்க்கு நேராகப் போக மறுத்தது. வில்லாக வெளியே வளைந்தால்தான் அடுத்த குரும்பையின் துளைக்குள் நுழையும். ஒன்றைச் செருகினால் மற்றது பிய்த்துக்கொண்டு வந்தது. நாலைந்து தடவைக்குப் பிறகு ஒருவழியாக மூன்றும் சேர்ந்தன. வளையத்தை உள்ளங்கையில் வைத்தபோது அதற்குள் ஏதோ இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது விரலுக்குத் தெரிந்தது. சித்தப்பா அதற்கு ‘ஸ்ட்ரெயின்’ என்று பெயர் சொன்னார். ஆச்சி ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

“அது வீம்புக்கு வளைஞ்சு நிக்கி. விட்டா ஓடிப்போகும்.”

சித்தப்பா ஆச்சியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வீம்புதான். இயற்பியல் பாடத்தில் அந்த இங்கிலீஷ் சொல்லைத் திரிபு என்பார்கள், நல்ல சொல்தான். ஆனாலும் வளைய மனமில்லாத ஒன்று வளைந்து நின்றுகொண்டு, நேரம் பார்த்திருப்பதைச் சொல்ல ஆச்சியின் சொல்லைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்று வரை கேட்டதில்லை.

நாலு குரும்பை வளையம் அவ்வளவு முரண்டு பிடிக்கவில்லை. ஐந்தைச் சேர்த்தபோது ஈர்க்கு ஏறக்குறைய நேராகவே போய் உட்கார்ந்தது. ஐங்கோணத்தின் உள்கோணம் நூற்றெட்டு அல்லவா. இந்தக் கணக்கை 1885இல் ம்யூனிக்கில் அடால்ஃப் ஃபான் பேயர் என்கிற வேதியியலாளர் போட்டதாகச் சித்தப்பா சொன்னார். வெடித்துச் சிதறும் தன்மையுள்ள சில பொருள்களைப் பற்றிய கட்டுரையின் முடிவில், வளையங்களுக்கும் அந்தக் கணக்கை நீட்டியிருந்தார் பேயர். அவுரிச் சாயத்தை ஆய்வகத்தில் செய்து காட்டியவரும் அவரே. அது தொழிற்சாலைச் சரக்கானபின் நம் நாட்டு அவுரி வயல்களுக்கு வந்த கேடு தனிக் கதை. அவர் கணக்கில் ஐந்து கார்பன் வளையம்தான் சொகுசு. ஆறு என்றால் உள்கோணம் நூற்றிருபது. கை அகல வேண்டும். மறுபடி வீம்பு தொடங்கிவிடும். ஏழு, எட்டு என்று ஏற ஏற வீம்பும் ஏற வேண்டும்.

“ஆனா உலகத்துல பாத்தா ஆறுதாம்ட்டி கூடுதல். எங்க பாத்தாலும் ஆறு. பேயர் எங்க தப்பு விட்டாரு?”

நான் ஆறு குரும்பையைச் சேர்த்துத் திண்ணைத் தரையில் வைத்து, படம் வரைவது போல அறுகோணமாக உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தேன். ஈர்க்குகள் நெளிந்தன. “கைய எடு” என்றார் சித்தப்பா. எடுத்தேன். வளையம் ஒரு துள்ளுத் துள்ளி எழுந்தது. ஒரு மூலை மேலே போனது, எதிர் மூலை கீழே இறங்கியது, நடுவில் நாலு குரும்பை இருக்கை போல நின்றன. ஈர்க்கு ஒன்றுகூட வளைந்திருக்கவில்லை. அட்டையை வைத்துப் பார்த்தேன். எல்லாக் கோணமும் நூற்றொன்பதரை. சித்தப்பா தன் சாய்வு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். தலைப்பக்கம் உயர்ந்து, கால்பக்கம் தாழ்ந்து, அதே வடிவம்.

அமுக்கியிருந்தது என் கை. அது விலகியதும் வளையம் தனக்கு வேண்டிய மாதிரி நின்றுகொண்டது. பேயரின் கையும் அப்படித்தான் அமுக்கியிருந்தது. வளையமெல்லாம் தாளில் வரைவது போலத் தட்டையாகக் கிடக்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. அப்படிக் கிடக்க வேண்டியதில்லை என்று 1890இலேயே பெர்லினில் ஒருவர் எழுதினார். ஹெர்மன் ஸாக்ஸெ, வயது 28. ஆறு கார்பன் வளையம் வீம்பில்லாமல் நிற்க இரண்டு வடிவங்கள் உண்டு என்று கணிதத்தால் காட்டினார். அந்தக் கணிதம் வேதியியலாளர்களுக்குப் பிடிபடவில்லை. 1893இல், 31 வயதில் அவர் இறந்துபோனார்; சொன்னதும் அவரோடு போனது. பிற்பாடு பிராக் தந்தையும் மகனும் எக்ஸ்ரே கொண்டு வைரத்தின் உள்ளமைப்பைக் கண்டு சொல்ல, அதை வைத்து 1918இல் எர்ன்ஸ்ட் மோர் என்பவர் ஸாக்ஸெயின் கருத்துக்கு உயிர் கொடுத்தார். வைரத்துக்குள் கார்பன்கள் ஆறு ஆறாகச் சேர்ந்து, முடிவே இல்லாமல் நாற்காலி நாற்காலியாகத்தான் அடுக்கியிருக்கின்றன.

“ஆச்சி மூக்குத்தி பூரா நாற்காலிதான்” என்றார் சித்தப்பா. ஆச்சி மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வருஷத்துப் பரிசு ஆஸ்லோவின் ஒட் ஹாஸலுக்கும் லண்டனின் டெரெக் பார்ட்டனுக்கும். ஹாஸல் எலெக்ட்ரான் கதிர்களைப் பாய்ச்சி, மூலக்கூறு நாற்காலியாகத்தான் நிற்கிறது என்பதைக் கண்டார். 1943இல் நார்வே ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது தம் முடிவுகளைத் தாய்மொழியிலேயே அச்சிட்டார். அதே வருஷம் சிறைக்கும் போனார். பார்ட்டன் 1950இல் எழுதியது சில பக்கங்களே உள்ள கட்டுரை. எந்தக் கிளை நாற்காலியின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் போக்கு மாறும் என்று அதில் சொன்னார். சித்தப்பா என் குரும்பை நாற்காலியின் தலைப்பக்கத்தை விரலால் கீழே அழுத்தினார். கால்பக்கத்தையும் மேலே தூக்கிவிட்டதும் நாற்காலி திசை மாறிக்கொண்டது. அறை வெப்பத்தில் மெய்யான மூலக்கூறு இப்படி நொடிக்கு லட்சம் தடவை புரளுமாம். நான் அன்று முழுக்க அதைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

மூன்று குரும்பை வளையத்தை மாடக்குழியில் வைத்துவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் வளையம் இல்லை. ஒரு குரும்பை விளக்கடியில், ஒன்று படிக்கல்லில், ஈர்க்கு ஒன்று முற்றத்து ஈரத்தில் கிடந்தது. ஆச்சி சொன்னது போல ஓடிப்போயிருந்தது. நாற்காலி மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

அந்த ஓட்டத்துக்கு உள்ள கணக்கைப் பின்னாளில் படித்தேன். மூன்று கார்பன் வளையமான சைக்ளோப்ரொப்பேனை எரித்தால், வீம்பில்லாத நீள் சங்கிலியிலிருந்து எதிர்பார்ப்பதைவிட மோலுக்கு 115 கிலோஜூல் கூடுதலாக வெப்பம் வரும். ஒரு மோல் என்றால் 42 கிராம். அந்த 42 கிராமுக்குள் ஒளிந்திருக்கும் வீம்பு மட்டுமே ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீரை 27 டிகிரி சூடேற்றப் போதும். நாலு கார்பன் வளையத்துக்கு 110, ஐந்துக்கு 26. ஆறுக்கு ஒன்றுமே இல்லை. ஐந்துக்குக் கோணம் சரியாக இருந்தும் கொஞ்சம் மிச்சம் இருப்பதற்குக் காரணம், பக்கத்துக் கார்பன்களின் ஹைட்ரஜன்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்பது. அதைத் தவிர்க்க ஐந்துகூடத் தட்டையாகக் கிடப்பதில்லை. தபால் உறையின் வாய் போல ஒரு மூலையைத் தூக்கிக்கொள்கிறது.

எங்கள் ஊரில் வளைப்பது பற்றி யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. பாய் நெய்யும் தெருவில் நின்றால் போதும். தாமிரபரணிக் கரையிலும் கால்வாய் ஓரத்திலும் வளரும் கோரையை அறுத்து, கிழித்து, வெயிலில் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறி உப்பிய கோரையை மறுபடி மயிரிழையாகக் கீறித்தான் பட்டுப்பாய் நெய்வது. பட்டுச் சேலை மாதிரி மடித்துப் பெட்டியில் வைக்கலாம், முறியாது. அந்தத் தெருவில் ஒரு பெரியம்மா எனக்குக் கழிவுக் கோரையில் மோதிரம் செய்து தருவார். “காஞ்ச கோரை வளையாது, ஒடியும். ஆத்துத் தண்ணி குடிச்சாத்தான் நாம சொன்னபடி கேக்கும்” என்பார். சுண்டுவிரலுக்குச் சின்னதாகச் சுற்றினால் ஊறின கோரையும் நரம்பு தெறித்து வெளுக்கும். கழுத்துக்கு மாலையாகச் சுற்றினால் எந்தக் கஷ்டமும் இல்லை. அந்தப் பெரிய வளையத்தைத் தரையில் போட்டால் வட்டமாகவும் கிடக்காது. ஒரு பக்கம் தொய்ந்து, ஒரு பக்கம் எழும்பி, இஷ்டம்போலக் கிடக்கும்.

இந்தக் கோரை மாலையை நான் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டியதுதான் புனுகுக் கதைக்கு வழி விட்டது. ஆச்சியின் மரப்பெட்டிக்குள் ஒரு சிமிழில் புனுகு இருக்கும், டவுன் ரத வீதியில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை. எண்ணெயில் துளி கரைத்துத் தடவினாலோ பூவும் மண்ணும் சேர்ந்தது போல மணம். சாமிக்குச் சாத்துகிற பொருள் என்பதால் எங்களைத் தொட விடமாட்டாள். மேற்கே மலைக்காட்டில் திரிகிற புனுகுப் பூனையின் சுரப்பு அது. அந்த மணத்துக்குக் காரணமான மூலக்கூறு சிவெட்டோன். அதைப் பிரித்துப் பார்த்து, அது 17 கார்பன்கள் கைகோத்த ஒரே வளையம் என்று 1926இல் சொன்னார் லெயோபோல்ட் ருஷிச்கா. கஸ்தூரியில் இருப்பது 15 கார்பன் வளையம். யாரும் எளிதில் நம்பவில்லை. எட்டுக்கு மேல் வளையம் நிலைக்காது என்பதே அன்றைய நம்பிக்கை. தட்டையாக வரைந்தால் 17 பக்க வளையத்தின் உள்கோணம் 158 பாகையைத் தாண்டும்; பேயர் கணக்குப்படி அது வீம்பின் உச்சம். ஆனால் சிவெட்டோன் வரைபடம் பார்த்து நிற்பதில்லை. என் கோரை மாலையைப் போல, எழும்பியும் தொய்ந்தும், கோணம் கெடாமல் சுகமாகக் கிடக்கிறது.

அதே ருஷிச்கா, இளைஞராக இருந்தபோது ஹெர்மன் ஸ்டாடிங்கரோடு சேர்ந்து பைரெத்ரம் பூவின் பூச்சிக்கொல்லிப் பொருளை ஆராய்ந்தார். செவ்வந்திக்குச் சொந்தக்காரப் பூ அது. 1924இல் வெளியான அந்த ஆய்வில் அகப்பட்டது மூன்று கார்பன் வளையம், என் கையிலிருந்து ஓடிப்போன அதே வடிவம். அந்தப் பூவைப் பார்த்து மனிதர் செய்த பொருள்கள்தாம் பின்னாளில் எங்கள் வீட்டுக்குள் கொசுவத்திச் சுருளாக வந்து புகைந்தன. ஒருவர் கைக்கே மூன்றும் வந்தது, பதினேழும் வந்தது. எனக்கு இது பெரிய ஆச்சரியம். 1939இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசைவிட இதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நாலு கார்பன் வளையத்தைக் கோயிலில் காட்டினார் சித்தப்பா. தட்டில் கற்பூரம் எரிந்து கொண்டிருந்தது. அந்தக் காலத்திலேயே கடைக் கற்பூரம் பெரும்பாலும் கற்பூர மரத்திலிருந்து வந்ததில்லை. இமயமலைப் பக்கத்துப் பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சினால் டர்பன்டைன் கிடைக்கும். அதிலுள்ள பைனீன் என்னும் மூலக்கூறில், ஆறு கார்பன் வளையத்துக்குள் நாலு கார்பன் வளையம் ஒன்று இறுக்கிக் கட்டியது போல இருக்கிறது. அமிலம் பட்டதும் அந்த வீம்பு தாங்காமல் முடிச்சு அவிழ்கிறது. அவிழ்ந்த கை வேறு இடத்தில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் சில படிகளில் கற்பூரம். அந்த நாலு வளையத்தின் வீம்பு இல்லாவிட்டால் இந்த வேலை இவ்வளவு சுலபமாக நடக்காது. கற்பூரமும் வளையம்தான், ஆனால் அதிலுள்ள ஆறு கார்பன் வளையம் நாற்காலியாக நிற்க முடியாது. எதிரெதிர் மூலைகள் இரண்டும் மேலே தூக்கித் தோணியாக நிற்க, அந்த இரண்டு நுனியையும் ஒரு கார்பன் பாலம் போலக் கோத்துப் பூட்டியிருக்கிறது. சித்தப்பா இதைச் சுவாமி சந்நிதியில் நின்று, தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே என் காதில் சொன்னார். எனக்குத் தீபத்துக்குள் சின்னச் சின்னத் தோணியாகத் தெரிந்தது.

அடுத்த வருஷம் கால்வாய்க் கரையில் முள் ஏறிக் கால் சீழ் வைத்தபோது பெனிசிலின் ஊசி போட்டார்கள். அதிலும் நாலு பேர் வளையம் உண்டு. மூன்று கார்பனும் ஒரு நைட்ரஜனும். அவ்வளவு வீம்பான வளையம் இருக்கவே முடியாது என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, 1945இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்ரே படத்தால் இருக்கிறது என்று காட்டினார். கிருமி தன் சுவரைக் கட்ட வைத்திருக்கும் நொதியைத் தொட்டதும் அந்த வளையம் திறந்து அதையே பற்றிக்கொள்கிறது. நொதி முடங்குகிறது, சுவர் எழும்பாமல் கிருமி சாகிறது. பத்து நாளில் நான் மறுபடி தெருவில் ஓடினேன்.

1977இல் நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா அதற்குள் மதுரைக்கு வேலை மாறிப் போய்விட்டார். வகுப்பில் கரும்பலகையில் அறுகோணம் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் நாற்காலிப் படமும் விழுந்தது. கோடுகளைப் பார்த்து எல்லோரும் முழித்தோம், நானும் முழித்தேன். தட்டையான பலகையில் எந்த மூலை மேலே, எந்த மூலை கீழே என்று பிடிபடவில்லை. குரும்பைக்கு எங்கே போவது? நோட்டிலிருந்து தாளைக் கிழித்து அறுகோணமாக வெட்டினேன். எதிரெதிராக உள்ள இரண்டு மூலைகளையும் முக்கோணமாக மடித்தேன். நடுவில் செவ்வகம் இருக்கையாக நின்றது. வகுப்பு முடிந்ததும் அதை மடிப்புக் கலையாமல் தட்டையாக அமுக்கி, கவரில் போட்டு மதுரைக்கு அனுப்பினேன். ‘இப்போ குரும்பை வேண்டாம் சித்தப்பா, தாள் போதும்’ என்று எழுதியிருந்தேன்.

ஸாக்ஸெயும் 1890இல் தம் கட்டுரையில் தாளை மடித்து மாதிரி செய்யும் முறையைக் கொடுத்திருந்தார் என்பதை நான் படித்தது இதற்கெல்லாம் பல வருஷம் கழித்து. யாராவது ஒருவர் அன்று அந்தத் தாளை வெட்டி மடித்து மேசையில் நிற்க வைத்துப் பார்த்திருந்தால், அவர் சொன்னது ஏறக்குறைய முப்பது வருஷம் காத்திருக்க வேண்டி வந்திராது. அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சித்தப்பாவிடமிருந்து ஒரு வாரத்தில் போஸ்ட் கார்டு வந்தது. அவருடைய பொடி எழுத்தில் மூன்றே வரி.

‘தாள் கிடைத்தது. மேசையில் நிற்க வைத்தேன். நீ இரண்டு மூலையையும் மேலேயே மடித்திருக்கிறாய், இது கோயிலில் பார்த்த தோணி. ஒன்றைக் கீழே மடி.’

இன்னொரு தாளைக் கிழித்தேன்.